ஒத்த வடிவச் சொற்களும் கல்வெட்டு வாசிப்பும்: ஸ்ரீரங்கப்பட்டண வட்டாரத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

ஸ்ரீரங்கப்பட்டணத்தைச் சூழ்ந்த காவிரிப் பகுதி ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு சோழர் ஆட்சியில் இருந்தது. 1116இல் போசள மன்னன் விஷ்ணுவர்த்தனன் தலைக்காட்டைக் கைப்பற்றிய பின்னரும் இங்குத் தமிழ்க் கல்வெட்டுகள் பொறிக்கப்பட்டன. இவ்வட்டாரக் கல்வெட்டுகளை பி. லூயிஸ் ரைஸ் 1894இல் 'எபிகிராபியா கர்னாடிகா' மூன்றாம் தொகுதியாக, உரோமன் எழுத்துப் பெயர்ப்புடன் வெளியிட்டார். (அன்று மைசூர் மாவட்டத்தில் இருந்த ஸ்ரீரங்கப்பட்டணம், 1939இல் உருவான மண்டியா மாவட்டத்தில் இன்று உள்ளது.) உரோமன் எழுத்தில் பெயர்ப்பவர், கல்லில் இல்லாத வேறுபாடு ஒன்றைத் தாமே முடிவு செய்தாக வேண்டும்.

குறில் எகர ஒகரங்கள் புள்ளி பெறும் என்பது தொல்காப்பிய விதி. ஆயினும் கல்லிலும் ஓலையிலும் புள்ளி பெரும்பாலும் இடப்படவில்லை. எனவே எரியும் ஏரியும், கொல்லும் கோலும் ஒரே வரிவடிவம் பெற்றன. ஓலைகளில் ரகரமும் காலும் வேறுபடாமையால் காடும் கரடும் ஒன்றாயின.

ஓரெழுத்தால் மட்டும் வேறுபடும் சொற்களை உளமொழியியலார் அண்டைச் சொற்கள் என்பர். அவற்றை எண்ணிக் கணக்கிடும் முறையை மாக்ஸ் கோல்ட்ஹார்ட்டும் உடனாய்வாளரும் 1977இல் வகுத்தனர். வழக்கு மிகுந்த அண்டைச் சொல், அரிய சொல்லை அறிவதைத் தாமதப்படுத்தும் என்பது பின்வந்த ஆய்வுகள் பலவற்றின் முடிவு. பழைய ஆவணங்களில் நிலைமை இதனினும் கடியது. அங்கு இரு சொற்களும் அண்டை வீட்டில் இல்லை. ஒரே வீட்டில் குடியிருக்கின்றன.

பாசனம் பற்றிய தொடரில் ஏரியை எவரும் எரி என வாசியார், இடம் காத்துவிடும். நில எல்லை கூறும் தொடரில் காடு, கரடு இரண்டுமே பொருந்தும். ஊர்ப்பெயர், ஆட்பெயர்களிலோ பொருளும் துணை நில்லாது. படிப்பவர் தமக்குப் பழகிய வடிவத்தையே காண்பார். அச்சேறியபின் அது கல்லின் சொல்லாகவே மதிக்கப்படும். அச்சுநூலை மட்டும் நம்பும் மொழிபெயர்ப்பாளர் இதனை அறிய வழியில்லை.

18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் எகர ஒகர நெடில்களுக்குத் தனி வடிவம் வகுத்தார். ஒரே வடிவமாய் இருந்தவை அதனால் அண்டைச் சொற்களாயின. ஒரு சுழி அளவே இடைவெளி. 20ஆம் நூற்றாண்டு அச்சிலும் ரகர மெய்யைக் காலின்மேல் புள்ளியிட்டே அமைத்தனர். ஆனால் 'கார்' என்னும் சொல்லில் இரு கால்களைக் கண்டு எவரும் மயங்கியதில்லை.

பதிப்பாசிரியர்கள் சிதைந்த எழுத்தைப் பகர அடைப்புக்குள் தருவது வழக்கம். குறில் நெடிலும் காலும் ரகரமும் ஐயத்திற்கு இடமாகும்போது, மாற்று வாசிப்பையும் அடிக்குறிப்பில் தருதல் வேண்டும். இடப்பெயர்களிலேனும் இதனை உடனே தொடங்கலாம்.