சின்ன ஆபரேஷன்தான், ஆனா பயமா இருக்கா? முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியவை

கொழுப்புக் கட்டியோ, சதைக்குள் வளரும் கால் நகமோ, எடுக்க அரை மணி நேரம் போதும். ஆனால், தேதி கிடைத்த நாளிலிருந்தே தூக்கம் போய்விடும். புக்கிட் செலம்பாவ் வட்டாரத்திலிருந்து சுங்கைப்பட்டாணி சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனைக்குப் போகும் உங்களுக்கும் அப்படித்தானா?

பயம் இயல்பு. பயந்து தேதியைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. சீழ் பிடித்த கட்டியை விட்டுவைத்தால் தொற்று பரவலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

வலிக்குமா?

பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஊசி போடுவார்கள். அதில் பரவலாகப் பயன்படும் லிக்னோகேய்ன், 1943-இல் சுவீடனில் உருவாக்கப்பட்ட மருந்து. ஊசி ஏறும்போது சில விநாடிகள் எரியும். பிறகு தொடுவதும் இழுப்பதும் தெரியலாம். கூர்மையான வலி தெரியக்கூடாது. தெரிந்தால் உடனே சொல்லுங்கள். பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ள வேண்டாம்.

ஏன் திரும்பத் திரும்பப் பெயர் கேட்கிறார்கள்?

குழப்பத்தில் அல்ல. சரியான ஆள், சரியான இடம், சரியான சிகிச்சை என்பதை உறுதிசெய்யத்தான். உலகச் சுகாதார நிறுவனம் 2008-இல் இதற்கென ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது.

சாப்பிடலாமா?

முழு மயக்க மருந்து என்றால், வழக்கமாக 6 மணி நேரத்துக்கு முன்பே உணவை நிறுத்தச் சொல்வார்கள். மரத்துப்போகும் ஊசி மட்டும் என்றால் பட்டினி தேவைப்படாமல் இருக்கலாம். உங்களுக்கு எது என்று முன்பே கேளுங்கள். ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரை, நாட்டு மருந்து எல்லாவற்றையும் சொல்லுங்கள்; நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள்.

ஊசியைப் பார்த்தாலே மயக்கம் வருமா?

முன்கூட்டியே தாதியிடம் சொல்லுங்கள், படுக்க வைப்பார்கள். கை, கால், வயிற்றுத் தசைகளை 10 முதல் 15 விநாடிகள் இறுக்கி, பிறகு தளர்த்துங்கள். இப்படிச் சில முறை செய்தால், சட்டென இறங்கும் ரத்த அழுத்தம் ஏறும். மயக்கமில்லை, படபடப்பு மட்டும்தான் என்றால் மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடுங்கள்.

புரியாவிட்டால்?

கையெழுத்துப் போடுவதற்கு முன் கேளுங்கள். என்ன செய்யப்போகிறார்கள், வேறு வழி உண்டா, எத்தனை நாள் எம்.சி., தையல் எப்போது பிரிப்பார்கள்? போனில் எழுதி எடுத்துப்போங்கள். மனப்பதற்றம் தாங்க முடியாத அளவுக்குப் போனால், சுகாதார அமைச்சின் ஹீல் 15555 எண்ணை அழைக்கலாம்.

பாட்டியோ அப்பாவோ ஆபரேஷனுக்குப் போகிறார்களா? “ஒன்னும் ஆகாது” என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். டாக்டர் மலாயில் சொன்னதை ஒவ்வொரு கட்டமாகத் தமிழில் எடுத்துச் சொல்லுங்கள். அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்தாலே பாதிப் பயம் குறையும்.