மனு பார்க்கப் போகையில் கைப்பேசி

சிறையில் இருப்பவரைப் போய்ப் பார்ப்பதை நம் பக்கத்தில் 'மனு பார்ப்பது' என்பார்கள். எழுதிக் கொடுத்தால்தான் பார்க்க முடியும் என்பதால் வந்த பெயர். காலமெல்லாம் மனுக்களைக் கட்டி வைத்த குமாஸ்தாவான எனக்கு இந்தச் சொல்மேல் தனிப் பிரியம்.

மனு பார்க்க வருகிறவர் கைப்பேசியை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். இது செல்போன் வந்தபின் போட்ட சட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். வேர் 1894-ஆம் ஆண்டின் சிறைச் சட்டத்தில் இருக்கிறது. தடைசெய்யப்பட்ட பொருள் எது என்று அந்தச் சட்டம் பட்டியல் போடவில்லை. விதிகள் எதைத் தடுக்கின்றனவோ அதுவே தடைப்பொருள் என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. கிரகாம் பெல் தொலைபேசிக்கு உரிமம் வாங்கிப் பதினெட்டு ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. ஆனாலும் இன்றைய கைப்பேசியும், பென் டிரைவும், கையில் கட்டும் ஸ்மார்ட் வாட்சும் அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடுகின்றன. வரைவு எழுதியவர் கெட்டிக்காரர்!

42-ஆம் பிரிவைப் படித்தால் இன்னொன்று தெரியும். தடைப்பொருளை உள்ளே கொண்டுபோவதும், விதிக்கு மாறாகக் கைதியோடு தொடர்பு கொள்வதும் ஒரே பிரிவில், ஒரே தண்டனைக்குரிய குற்றங்களாக உள்ளன: ஆறு மாதம் வரை சிறை, அல்லது 200 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். (சில மாநிலங்கள் இதைப் பின்னாளில் கூட்டின.) சாராயம் பொருள்; யாரும் படிக்காமல் கைமாறும் கடிதம் சேதி. கைப்பேசி இரண்டும்தான். சிறை அதிகாரிகள் கஞ்சாவைவிட அதற்கு ஏன் மிரளுகிறார்கள் என்பது இங்கேதான் விளங்குகிறது. சாட்சியை மிரட்ட உள்ளிருந்து ஒரு அழைப்பு போதும்.

அதே சட்டம் பார்வையாளருக்கும் சில உரிமைகளைத் தருகிறது. அதைத்தான் யாரும் சொல்வதில்லை. 41-ஆம் பிரிவின்படி, சந்தேகம் இருந்தால் சோதிக்கலாம். ஆனால் கைதி எதிரிலோ வேறொரு பார்வையாளர் எதிரிலோ சோதிக்கக் கூடாது. சோதனைக்கு மறுத்தால் அனுமதி மறுக்கலாம். காரணத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும். 42-ஆம் பிரிவின் குற்றங்களும் தண்டனையும் உள்ளூர் மொழியிலும் சிறைக்கு வெளியே கண்ணில் படும்படி ஒட்டப்பட வேண்டும் என்கிறது 44-ஆம் பிரிவு. எங்கள் தெருப் பெண்மணி ஒருவருக்குத் துணையாக ஒரு சிறைக்குப் போயிருந்தேன். மகனின் வக்கீல் நம்பர், வாய்தா தேதி எல்லாம் அவர் போனில்தான் இருந்தன. கதவருகில் போனைக் கொடுத்ததும் கையில் ஒன்றுமில்லை. உள்ளே மகன் வாய்தா என்றைக்கு என்று கேட்டானாம். அம்மாவால் சொல்ல முடியவில்லை. சுவரில் தமிழ் அறிவிப்பு எதையும் நான் பார்க்கவில்லை.

பிரெஞ்சில் படித்தவன் என்பதால் அந்தப் பக்கமும் எட்டிப் பார்த்தேன். சந்திக்கும் அறைக்கு அங்கே 'பார்லுவார்' என்று பெயர், பேசும் இடம். 1983-இல், பதாந்தேர் நீதி அமைச்சராக இருந்தபோது, கைதிக்கும் வந்தவருக்கும் நடுவே இருந்த தடுப்பு நீங்கியது. ஆனால் அனுமதி இல்லாமல் எதையாவது கைமாற்றினால் ஓராண்டுச் சிறை, 15,000 யூரோ அபராதம் என்று அவர்களின் தண்டனைச் சட்டம் சொல்கிறது. 2018-இல் அவர்கள் சிறை அறைகளுக்குள்ளேயே கம்பித் தொலைபேசி வைப்பதாக அறிவித்தார்கள். குறித்துக் கொடுத்த எண்களுக்கு மட்டும் பேசலாம். கள்ளக் கைப்பேசியைத் தடுக்க அதுவும் ஒரு வழி என்ற கணக்கு. எனக்கு அது சரியென்றே படுகிறது.

நம் நாட்டில் கொரோனா அந்த வேலையைச் செய்தது. நேரில் பார்ப்பது நின்றதும் பல சிறைகளில் காணொளிச் சந்திப்பு வந்தது. வாசலில் பறிக்கப்பட்ட அதே கருவியிலேயே அம்மாக்கள் பிள்ளை முகம் பார்த்தார்கள்.

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. காதுக் கருவியும் மின்னணுச் சாதனம்தான். மருத்துவர் சீட்டை எடுத்துப் போங்கள், சோதனைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் கைக்கருவியை மார்பருகே கொண்டுவரும் முன் சொல்ல வேண்டும். வக்கீல் எண், வழக்கு எண், வாய்தா தேதி மூன்றையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி, அந்தத் தாளையும் காவலரிடம் காட்டிவிட்டே உள்ளே போங்கள்.