வாய் மூடத் தெரிந்த பை

1869 ஜூலை நடுவில், கிரீன் ஆறும் கிராண்ட் ஆறும் கூடிக் கொலராடோவாகப் பெருகும் முனையில் ஒன்பது பேர் கரையேறி மாவு சலித்துக்கொண்டிருந்தார்கள். சல்லடை கிடையாது. கொசுவலையை இழுத்துக் கட்டி அதையே சல்லடையாக்கினார்கள். பலமுறை நனைந்து பலமுறை காய்ந்த மாவு பூசணம் பூத்துக் கட்டிகட்டியாக இறுகிக் கிடந்தது. சலித்து முடித்தபோது 200 பவுண்டுக்கு மேல், நம் கணக்கில் 90 கிலோவுக்கும் கூட, வீணாகப் போயிற்று.

கூட்டத்துக்குத் தலைவர் ஜான் வெஸ்லி பவல். நிலவியல் பேராசிரியர். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1862-ல் ஷைலோ சண்டையில் வலக்கையைப் பறிகொடுத்தவர். மே 24 அன்று வயோமிங்கில் பத்துப் பேர், நாலு படகு, பத்து மாதத்துக்கான சாப்பாடு என்று கிளம்பியிருந்தார். ஜூனில் லோடோர் பள்ளத்தாக்கில் ஒரு படகு பாறையில் மோதிச் சிதறியது. அதில் போன சாமான் போகட்டும், அது விபத்து. மிச்சப் படகுகளில் பத்திரமாக இருந்த சாமான் என்ன ஆயிற்று என்பதுதான் என் கேள்வி. ஆகஸ்டில், கிராண்ட் கேன்யனின் ஆழத்துக்குள் இறங்கும் சமயம், மாவை மறுபடி சலிக்க வேண்டியிருந்தது. கெட்டுப்போன பன்றி இறைச்சியைக் காயவைத்து, அதிலும் மோசமானதை வேகவைத்து எடுத்துக்கொண்டார்கள். ஊறிய ஆப்பிள் வற்றலை வெயிலில் பரப்பினார்கள். சர்க்கரை மொத்தமும் கரைந்து ஆற்றோடு போய்விட்டது. காபி மட்டும் ஒரு பெரிய மூட்டை மிஞ்சியது.

நான் தார்ப்பாய்க் கடைக்காரன். லாரிக்கும் நெல் களத்துக்கும் கல்யாணப் பந்தலுக்கும் தார்ப்பாய் அடித்துக் கொடுப்பது குடும்பத் தொழில். சில வருஷமாகக் கயாக் ஓட்டுகிற பிள்ளைகள், பழவேற்காட்டுக்கும் கோவளத்துக்கும் போகிறவர்கள், ட்ரை பேக், அதாவது தண்ணீர் புகாத பை, இருக்கிறதா என்று கேட்டு வருகிறார்கள். வாங்கி வைத்து விற்கிறேன். வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “அண்ணே, இது எத்தனை ஜிஎஸ்எம்?” துணி எவ்வளவு கனம் என்று தெரிந்துகொண்டால் விஷயம் முடிந்தது என்று நினைப்பு. பவல் கதையை நான் அவர்களுக்குச் சொல்வது இதற்காகத்தான். 1869-ல் தண்ணீர் புகாத துணி உலகத்தில் இல்லாமல் இல்லை. அது வந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

அந்தத் துணியின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1823-ல் கிளாஸ்கோவைச் சேர்ந்த சார்லஸ் மெகின்டாஷ், நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த நாப்தாவில் ரப்பரைக் கரைத்து, இரண்டு துணிக்கு நடுவில் பூசி ஒட்டிக் காப்புரிமை வாங்கினார். வெயிலில் பிசுபிசுத்தது, குளிரில் விறைத்தது, நாற்றம் வேறு. ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கும் வழியைக் கண்டு, 1844-ல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தில் அதே வேலையைச் செய்தவர் மெகின்டாஷின் கூட்டாளி தாமஸ் ஹான்காக். பிசுபிசுப்பும் விறைப்பும் அதோடு தீர்ந்தன.

ஆனால் மெகின்டாஷ் கதையில் துணியைவிட எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. அவர் துணியை வாங்கிய தையற்காரர்கள் வழக்கம்போல மேலங்கியாகத் தைத்தார்கள். மழையில் போட்டவர்கள் நனைந்தார்கள். காரணம் தையல். ஊசி இறங்கிய இடமெல்லாம் ஓட்டை. தையற்காரர்களை நம்பிப் பயனில்லை என்று கம்பெனியே உடுப்பு தயாரிப்பிலும் இறங்க வேண்டியதாயிற்று. கான்வாஸ் தைக்கிற எவனும் இதைக் கேட்டுச் சிரிப்பான். தார்ப்பாய் நடுத்துணியில் ஒழுகி நான் பார்த்தது அபூர்வம். ஒழுகுவது மூட்டில், இல்லையென்றால் ஐலெட் அடித்த இடத்தில்.

பைக்கு மூட்டோடு இன்னொரு தொல்லையும் உண்டு: வாய். துணியை எப்படிச் செய்தாலும் சாமானை உள்ளே வைக்க ஒரு பக்கம் திறந்தே ஆகவேண்டும்.

இந்தத் தொல்லை ரப்பருக்கு வெகு முந்தியது. நிம்ருத் அரண்மனையிலிருந்து எடுத்து லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் வைத்திருக்கும் அசீரியச் சிற்பப் பலகை ஒன்றில், இரண்டாம் அஷுர்நசிர்பாலின் காலத்து வீரர்கள் ஊதிய தோல்களைக் கட்டிக்கொண்டு ஆற்றில் நீந்துகிறார்கள். கி.மு. 9-ஆம் நூற்றாண்டு. ஆட்டை வயிற்றில் கிழிக்காமல் முழுசாக உரித்தால் ஓட்டைகள் கழுத்திலும் காலிலும்தான் இருக்கும். அவற்றை இறுக்கிக் கட்டிவிட்டு ஒன்றின் வழியே ஊத வேண்டும். உள்ளே இருக்கும் காற்றை வெளியே விடாமலிருப்பதும், வெளியே இருக்கும் தண்ணீரை உள்ளே விடாமலிருப்பதும் ஒரே வேலை. டைக்ரிஸில் இப்படி ஊதிய தோல்களின் மேல் மரம் கட்டிய தெப்பங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் ஓடின. 1847-ல் ஆஸ்டன் ஹென்றி லேயார்ட், நிம்ருத்தில் தோண்டியெடுத்த சிறகு முளைத்த காளைச் சிலையைப் பஸ்ராவுக்கு அனுப்பியது அந்தத் தெப்பத்தில்தான். டன் கணக்கில் கல்லைத் தாங்கியவை தோலும் கயிற்று முடிச்சும். நம் ஒகேனக்கல் பரிசலிலும் அடியில் ஒருகாலத்தில் மாட்டுத்தோல்தான் இருந்தது. இப்போது பிளாஸ்டிக் ஷீட்டும் தாரும். பரிசலுக்கு ஒரு வசதி, அது வாயை மூட வேண்டியதில்லை.

இனி 1871-க்கு வருகிறேன். பவல் அதே ஆற்றில் இரண்டாம் முறை இறங்கினார். மே 22, மூன்று படகு. முன்னால் போகும் படகின் நடுத்தட்டில் ஒரு கை வைத்த நாற்காலியைக் கட்டிப்போட்டு, அதில் உட்கார்ந்துகொண்டு ஆற்றைப் பார்த்தபடி போனார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. தெரியாத கதை சாமான் மூட்டையில் இருக்கிறது. கூட வந்த பிரெடரிக் டெலன்பாக் அப்போது 17 வயதுப் பையன். 1908-ல் அந்தப் பயணத்தைப் பற்றிப் புத்தகம் எழுதியபோது, மூட்டைகள் எப்படி இருந்தன என்று ஒரு தொழிலாளியின் கண்ணோடு விவரித்திருக்கிறார்.

பை ரப்பர். அதன் விளிம்பில் இரட்டை உதடு. ஒவ்வொரு உதட்டிலும் வரிசையாக ஐலெட், அதில் கோத்த உறுதியான கயிறு. இந்த உதடுகளுக்கு உள்ளே தனியாக ஒரு மெத்தென்ற வாய். சாமானை வைத்தபின் அந்த உள்வாயை உருட்டிச் சுருட்டி, பையை அமுக்கிக் காற்றை வெளியேற்றி, அப்புறம் கயிற்றை இழுத்தால் உதடுகள் சேர்ந்து கூம்பும். நம் பாட்டிமார் இடுப்பில் செருகிய சுருக்குப் பைதான், உள்ளே இன்னொரு வாய் வைத்தது. இப்படிக் கட்டிய பை வெகுநேரம் தண்ணீரில் கிடந்தாலும் உள்ளே நனையாது. இதற்கு மேலே முரட்டுப் பருத்தியில் ஒரு உறை, ரப்பர் உரசிக் கிழியாமலிருக்க.

முதல் தடவை படித்தபோது எனக்குப் பட்டது ஐலெட்டின் இடம். ஐலெட் என்றால் ஓட்டை, ஓட்டை இருக்கும் இடத்தில் தண்ணீர் வரும். இந்தப் பையைச் செய்தவர் அதை உதட்டோடு நிறுத்திவிட்டார். கயிற்றுக்கு ஐலெட், தண்ணீருக்குச் சுருட்டிய உள்வாய். உராய்வுக்குப் பருத்தி, ஈரத்துக்கு ரப்பர். ஒரு பொருளிடம் இரண்டு வேலை கேட்கவில்லை. பவல் பிற்பாடு அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறைக்கே தலைவரானார், அவர் பெயரில் ஏரிகூட இருக்கிறது. இந்தப் பையின் உள்வாயை யோசித்தவர் பெயர் எனக்கு எந்தப் புத்தகத்திலும் கண்ணில் படவில்லை.

இன்று கடையில் தொங்கும் ட்ரை பேக்கை எடுத்துப் பாருங்கள். உருட்டுகிறோம், காற்றை அமுக்குகிறோம், பூட்டுகிறோம். அதே மூன்று காரியம். மாறியது இரண்டு. 1871 பையில் கடைசியில் கயிற்றால் சுருக்கித்தான் ஆகவேண்டும். சுருக்கினால் கொசுவம் விழும், கொசுவத்தின் இடுக்கு தண்ணீருக்கு வழி. இப்போது வாயோரத்தில் விறைப்பான ஒரு பட்டை வைத்து, துணி தட்டையாகவே மடியும்படி செய்து, இரு முனையையும் பக்கிளில் மாட்டிவிடுகிறார்கள். இன்னொன்று மூட்டு. 1926-ல் குட்ரிச் கம்பெனியின் வால்டோ சீமன், விறைத்த பிவிசியை வளையும்படி ஆக்கினார். பிவிசி பூசிய பாலியஸ்டரைச் சூட்டில் ஒட்டினால் ஊசிக்கே வேலையில்லை. மெகின்டாஷைப் படுத்திய ஓட்டை அதோடு ஒழிந்தது.

நடுவில் இரண்டாம் உலகப்போர். போர் முடிந்து ராணுவ மிச்சச் சரக்குக் கடைகளுக்கு வந்த ரப்பர் படகுகளும், ரப்பர் பூசிய பைகளும், வெடிமருந்துத் தகரப் பெட்டிகளும்தான் கொலராடோவில் சுற்றுலாப் படகுத் தொழிலையே வளர்த்தன. ஜார்ஜி ஒயிட் என்ற பெண்மணி அந்த மிச்சப் படகுகளில்தான் ஜனங்களைக் கூட்டிக்கொண்டு போனார். அந்தத் தகரப் பெட்டி இன்னும் ஓய்வு பெறவில்லை. மூடியில் ரப்பர் வளையம், ஒரு நெம்பு கொக்கி. கேமராவுக்கு அது மாதிரி கெட்டிப் பெட்டிதான் சரி. பையில் போட்டால் நனையாது, ஆனால் நசுங்கும்.

ஆகவே ஜிஎஸ்எம் கேட்கிற பிள்ளைகளிடம் நான் பையின் வாயைத்தான் முதலில் காட்டுகிறேன். பட்டை வாயின் முழு அகலத்துக்கும் வருகிறதா, நடுவில் மடங்கி நிற்கிறதா என்று பாருங்கள். மூன்று சுற்றாவது உருளவேண்டும். அதற்கு இடம் வேண்டுமென்றால் பையில் முக்கால்தான் நிரப்ப முடியும். 20 லிட்டர் என்று போட்டிருந்தால் 15 லிட்டர் என்று நினைத்து வாங்குங்கள். பிதுங்கப் பிதுங்கத் திணித்துவிட்டு ஒரே மடிப்பில் பூட்டினால், பை எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் ஒழுகும். அப்புறம் உள்பக்கத்தைப் புரட்டி மூட்டைப் பாருங்கள். ஒட்டியதா, தைத்ததா? தைத்ததென்றால் தையல்மேல் டேப் ஒட்டியிருக்கிறதா? சிலிகான் பூசிய மெல்லிய நைலான் பை மலையேறுகிறவர் முதுகுப் பைக்குள் வைக்கச் சரி. பாறையில் இழுபடும் படகுக்கு ஆகாது; கனத்தைப் பற்றிய கேள்வி அங்கேதான் வரவேண்டும். கண்ணாடி ஜன்னல் வைத்த பை அழகாக இருக்கும், ஆனால் வெடிப்பு முதலில் அந்த ஜன்னலோரத்தில்தான் விழும். ஒரே பெரிய பையைவிட மூன்று சின்னப் பை மேல். ஒன்றைத் திறந்தால் மற்றவற்றின் சாமான் நனையாது.

வாங்குவதற்கு முன் சோதிக்கலாம், நான் வேண்டாமென்று சொல்வதில்லை. வெறும் பையில் காற்றைப் பிடித்து, வாயை உருட்டிப் பூட்டி, முழங்காலை வைத்து அமுக்கிப் பார்க்கவேண்டும். நல்ல பை கல்லுப்போல நிற்கும். சந்தேகமென்றால் கடைக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, அதில் முக்கினால் குமிழி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் வாயின் இரு ஓரத்திலிருந்து வரும், பக்கிளுக்கு அடியில். மடிப்பை அவிழ்த்து இன்னொரு சுற்று உருட்டச் சொல்வேன்.