முதலெழுத்துக்கு அப்பால்: பணித்தேர்வில் நேர்காணலின் வடிவம்

1929-இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னே சாதிப் பட்டம் போடுவதைக் கைவிடுமாறு தீர்மானித்தது. இன்று தமிழ்நாட்டு இளைஞர் எழுதும் வேலை விண்ணப்பத்தில் பெரும்பாலும் தந்தை பெயரின் முதலெழுத்தே இருக்கிறது. விண்ணப்பத்தைப் புரட்டுபவரின் மனம் திருந்தட்டும் என்று காத்திராமல், பாகுபாட்டுக்குக் கைப்பிடியாக இருந்த தகவலையே இது எடுத்துவிட்டது. நடத்தையியல் ஆய்வாளர்கள் இப்போது ‘வடிவமைப்பு’ என்று பேசுவதன் சாரம் இதுவே. ஆனால் அந்தக் கைப்பிடி வேறோர் இடத்தில் முளைத்திருக்கிறது. அந்த இடம் நேர்காணல் அறை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பட்டப்பெயர் என்ன செய்யும் என்பதை சுகதேவ் தோரட்டும் பால் அட்வெல்லும் 2007-இல் ஓர் ஆய்வில் காட்டினர். நாளிதழ்களில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. தகுதி ஒத்த விண்ணப்பங்களில் பெயர் மட்டும் வேறு. உயர்சாதிப் பெயருக்குச் சாதகமான பதில் வரும் வாய்ப்பு விகிதத்தை 1 என்று கொண்டால், தலித் பெயருக்கு அது 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. பெயரே மதத்தைக் காட்டிவிடும் முஸ்லிம் விண்ணப்பதாரருக்கு முதலெழுத்து காப்பாகாது என்பதையும் இங்கே சேர்த்தே எண்ண வேண்டும்.

அதே ஆண்டில் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் வெளியிட்ட ஆய்வு எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. தில்லிப் பகுதிப் பெருநிறுவன மேலாளர்களிடம் அவர்கள் பேசினர். திறமையை மட்டுமே பார்ப்பதாக மேலாளர்கள் சொன்னார்கள். அவர்களே ‘குடும்பப் பின்னணி’யையும் விசாரித்தார்கள், அதில் எந்த முரணும் அவர்களுக்குத் தெரியவில்லை. அப்பா என்ன செய்கிறார், கூடப் பிறந்தவர்கள் என்ன படித்தார்கள் என்ற கேள்விகள் நம் ஊரில் அன்பான விசாரிப்பாகவே ஒலிக்கும். ‘சொந்த ஊர் எது? ஊரில் எந்தப் பக்கம்?’ என்று அது நீளும்போது, முதலெழுத்து மறைத்ததை இரண்டே நிமிடத்தில் சொல்ல வேண்டியதாகிறது. முதல் தலைமுறைப் பட்டதாரியின் பதில் அவர் வாய் திறக்கும் முன்பே மதிப்பிழந்துவிடுகிறது. இது எனக்குப் பொறுக்க முடியாத அநீதியாகத் தெரிகிறது.

அப்படியானால் எல்லாவற்றையும் மறைத்துவிடலாமா? பிரான்சில் பெயர் நீக்கிய விண்ணப்பங்களைச் சோதித்தபோது, குடியேறிகளின் பிள்ளைகளும் பின்தங்கிய வட்டாரத்தவரும் நேர்காணலுக்கு அழைக்கப்படுவது குறைந்தது. சோதனையில் சேர்ந்தவை தாமாக முன்வந்த நிறுவனங்கள்; விண்ணப்பதாரர் எங்கிருந்து வருகிறார் என்று தெரிந்தால் அவருடைய அனுபவக் குறையை அவற்றின் தேர்வாளர்கள் பரிவோடு பார்த்திருப்பார்கள். ஆகவே மறைப்பை எல்லா இடத்துக்கும் பொருந்தும் மருந்தாகக் கொள்ள முடியாது.

மாற்ற வேண்டியது உரையாடலின் கட்டமைப்பை. வேலைக்குரிய கேள்விகளை முன்பே எழுதி, எல்லோரிடமும் ஒரே வரிசையில் கேட்பது. ஒவ்வொரு பதிலுக்கும் அப்போதே மதிப்பெண் இடுவது. தேர்வாளர்கள் தங்களுக்குள் பேசுவதற்கு முன் அவரவர் தாளை ஒப்படைப்பது. பிறகு முதல் கேள்விக்கு எல்லோரும் சொன்ன பதில்களை அருகருகே வைத்துப் பார்ப்பது, அடுத்து இரண்டாம் கேள்விக்கு. ஐரிஸ் போனெட்டும் சக ஆய்வாளர்களும் நடத்திய சோதனைகளில், தனித்தனியே மதிப்பிட்டவர்கள் பால் சார்ந்த முன்முடிவில் சாய்ந்தனர். ஒப்பிட்டு மதிப்பிட்டவர்கள் செயல்திறனைப் பார்த்தனர்.

‘பழகிப் பார்த்தால்தான் ஆளைத் தெரியும்’ என்பது அனுபவசாலிகள் வழக்கமாகச் சொல்லும் மறுப்பு. பிற்காலப் பணித்திறனோடு நேர்காணல் மதிப்பீடு எவ்வளவு பொருந்துகிறது என்பதை ஷ்மிட், ஹண்டர் இருவரும் 1998-இல் தொகுத்தனர்: கட்டமைத்த நேர்காணலுக்கு 0.51, கட்டற்றதற்கு 0.38. 2022-இல் சாக்கெட் குழுவினர் கணக்கைத் திருத்தியபோது இரண்டும் இறங்கி 0.42, 0.19 ஆயின, இடைவெளியோ கூடியது. பழகிப் பார்ப்பதில் ஆள் தெரிவதைவிடத் தன்னைப் போன்றவர் தெரிவதே அதிகம் என்று நான் கருதுகிறேன்.

மத்திய அரசு 2016 முதல் கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்காணலையே நீக்கியது. தனியார் துறை அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. கேள்வித்தாளிலிருந்து குடும்பத்தை எடுத்துவிட்டால் போதும். அப்பா என்ன செய்கிறார் என்று அன்போடு கேட்க விரும்புபவர், பணி ஆணையைக் கையில் கொடுத்த பிறகு கேட்கட்டும்.