கொடுத்த கௌரவத்தைத் திரும்ப வாங்கலாமா?

ஜிம்பாப்வே அதிபர் முகாபேக்கு 1994-ல் பிரிட்டன் ராணி கௌரவ நைட் பட்டம் கொடுத்தார். நாட்டு மக்களையே அடித்து நொறுக்குகிறார் என்று சொல்லி 2008-ல் அதைப் பறித்துக்கொண்டார்கள். ருமேனியாவின் சௌசெஸ்கு கதை இன்னும் வேடிக்கை. 1978-ல் கொடுத்த பட்டத்தை 1989-ல், அவர் சுட்டுக் கொல்லப்படுவதற்கு முதல் நாள்தான் ரத்து செய்தார்கள்!

பட்டம் என்றால் ஓர் உத்தரவு போதும். கல்லில் வைத்த கௌரவத்தை என்ன செய்வது? இந்தக் கேள்வி நம் ஊருக்கும் உண்டு.

1857 கிளர்ச்சியில் அலகாபாத்திலும் கான்பூரிலும் கொடுமைகள் செய்த ஆங்கிலத் தளபதி நீல். அவருக்குச் சென்னை மவுண்ட் ரோட்டில் சிலை வைத்தார்கள். அதை அகற்றச் சொல்லி 1927-ல் சத்தியாகிரகம் நடந்தது. முன்னால் நின்றவர் திருநெல்வேலி சோமயாஜுலு. (அப்போது தூத்துக்குடியும் திருநெல்வேலி மாவட்டம்தான், 1986-ல்தான் பிரிந்தது.) தொண்டர்கள் பலர் சிறைக்குப் போனார்கள். கடைசியில் 1937-ல், ராஜாஜி ஆட்சியில், சிலை சாலையிலிருந்து மியூசியத்துக்குப் போனது. கவனியுங்கள், உடைக்கவில்லை. இடத்தைத்தான் மாற்றினார்கள்.

இனி தூத்துக்குடி. 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கினார். 1908-ல் கைதானார், நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். அப்போது தூத்துக்குடியில் சப்-கலெக்டராக இருந்தவர் ஆஷ். 1911 ஜூன் 17-ல் மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் அவரைச் சுட்டுக் கொன்றார். ஆஷுக்குத் தூத்துக்குடியில் நினைவு மண்டபம் எழும்பியது. வ.உ.சி.க்கோ சிறையில் செக்கு!

அந்த மண்டபத்தை இடிக்க வேண்டுமா? வேண்டாம் என்பதே என் கருத்து. அது ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தின் சின்னம். இடித்துவிட்டால் 'யார் இந்த ஆஷ்?' என்று நாளைக்கு ஒரு பையன் கேட்க வழியிருக்காது. பக்கத்தில் ஒரு பலகை வைத்து 1908-ல் நடந்ததை முழுசாக எழுதினால் போதும். மணியாச்சி இன்று வாஞ்சி மணியாச்சி. துறைமுகமும் 2011 முதல் வ.உ.சி. பெயரில்தான் இருக்கிறது.

வெள்ளைக்காரர் எல்லோரையும் ஒரே தட்டில் நிறுத்தவும் கூடாது. தண்டனையோடு வ.உ.சி.யின் வக்கீல் சன்னதும் பறிபோனது. விடுதலையான பிறகு அதைத் திரும்பப் பெற உதவியவர் வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதி. அந்த நன்றிக்காகத் தன் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார் வ.உ.சி.

ஓர் ஆங்கில அதிகாரிக்கு இந்த மண்ணின் மனிதர் மனதாரக் கொடுத்த கௌரவம் அது. அதைத் திரும்ப வாங்கு என்று இன்றுவரை யாரும் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டார்கள்.