அர்பத்நாட் கம்பெனியும் மாமல்லபுரத்துக் கார்களும்

போன வாரம் கொளவாய் ஏரிப் பக்கம் நடந்துவிட்டு டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். கூட வந்த நண்பரும் என்னைப் போல ஓய்வூதியக்காரர்தான். கைபேசியை நீட்டி, "சார், நாலு லட்சம் மூணே மாசத்துல ஏழு லட்சமாயிருக்கு பாருங்க" என்றார். யாரோ முகம் தெரியாதவர் அவரை ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்திருக்கிறார். கிரிப்டோ முதலீடாம்.

எனக்கு 1906 ஞாபகம் வந்தது. (அவ்வளவு வயதாகவில்லை, படித்ததுதான்.) பாரி, பின்னி போல அன்றைய சென்னையில் அர்பத்நாட் என்று பெரிய வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்று இருந்தது. வியாபாரத்தோடு வங்கியும் நடத்தியது. துரை கம்பெனி என்றால் கேள்வி ஏது? ஆயிரக்கணக்கானவர்கள் சேமிப்பைக் கொண்டுபோய்ப் போட்டார்கள். லண்டனில் இருந்த பங்காளி அதை ஊக வணிகத்தில் விட்டார். அக்டோபர் 22 அன்று கம்பெனி திவாலானது. பங்காளி ரயில் முன் விழுந்து இறந்தார். சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதக் கடுங்காவல். அந்த ஆத்திரத்தில்தான் வி. கிருஷ்ணசாமி ஐயரும் மற்றவர்களும் 1907இல் இந்தியன் வங்கியைத் தொடங்கினார்கள்.

துரை பெயர் செய்த வேலையை இன்று மேடை செய்கிறது. நம் மாமல்லபுரத்திலேயே நடந்தது. 2022இல் கோவையில் நடிகைகளை அழைத்து விழா எடுத்துத் தொடங்கிய ஒரு கிரிப்டோ நிறுவனம், சில மாதங்களில் மாமல்லபுரம் நட்சத்திர ஹோட்டலில் இன்னொரு விழா நடத்தி, முதலீட்டாளர்களுக்குக் கார்கள் பரிசளித்ததாகச் செய்தி. இணைய விளம்பரத்தைப் பார்த்துச் சேர்ந்த புதுச்சேரிக்காரர் ஒருவர், அவரும் ஓய்வு பெற்ற அரசு ஊழியர், ஏறக்குறைய ஒரு கோடி போனதாகப் புதுச்சேரி சைபர் கிரைம் போலீசில் புகார் கொடுத்தார். ஓய்வு பெறும்போது மொத்தமாகக் கையில் பணம் வரும் என்று நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அதே 2022 ஏப்ரலில் கிரிப்டோ லாபத்துக்கு மத்திய அரசு 30 சதவீத வரி போட்டது. "அரசாங்கமே வரி வாங்குதே, அப்ப சட்டப்படிதானே?" என்று நண்பரும் கேட்டார். வரி போடுவது வேறு, உத்தரவாதம் கொடுப்பது வேறு. ரிசர்வ் வங்கி 2013 டிசம்பரிலேயே எச்சரித்துவிட்டது.

அர்பத்நாட் விழுந்தபோது போய் நின்று கத்த ஒரு கட்டடமாவது இருந்தது. இங்கே இருப்பது திரையில் ஓர் எண். அதை ஏழு லட்சம் என்றும் எழுதலாம், எழுபது லட்சம் என்றும் எழுதலாம். எழுதுகிறவன் கையில் இருக்கிறது.

"சரி, ஒரு லட்சம் மட்டும் வெளியே எடுங்க பார்ப்போம்" என்றேன். அங்கேயே கேட்டார். இரண்டு நிமிடத்தில் பதில்: முதலில் ஒன்றரை லட்சம் வரி கட்ட வேண்டும், கட்டினால் முழுத்தொகையும் விடுவிக்கப்படும். உண்மையான வரியை வருமான வரித் துறைக்குத்தான் கட்டுவோம். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பும் கணக்கு எண்ணுக்கா?

நண்பர் முகம் வெளுத்துவிட்டது. டீ ஆறிப்போனது. 1930க்கு நான்தான் போன் போட்டுக் கொடுத்தேன். உடனே சொன்னால் பணம் போன வங்கிக் கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. கடைசியாக எப்போது அனுப்பினீர்கள் என்று எதிர்முனையில் கேட்டார்கள். ஐந்து நாள் ஆகியிருந்தது.

போனை வைத்ததும் அவர் சொன்னது ஒன்றுதான்: "வீட்டுல இன்னும் தெரியாது சார்."