திரைச்சாட்சியும் வகுப்பறை விசாரணையும்

கல்வெட்டொன்றை மாணவருக்குக் காட்டும்போது, அதைப் பொறித்தவர் யார், எந்த ஆண்டில், எதன்பொருட்டு என்று கேட்கக் கற்பிக்கிறோம். ஆவணப்படமும் ஆவணமே. ஆயினும் வகுப்பறையில் விளக்கணைந்து திரை ஒளிர்ந்ததும் அக்கேள்விகளை நாம் மறந்துவிடுகிறோம். பருவநிலை மாற்றத்தையும் சுற்றுச்சூழல் சீர்கேட்டையும் இளையர் நெஞ்சில் பதிய வைப்பதில் திரைப்படத்திற்கு நிகரான கருவிகள் சிலவே. அதனாலேயே அக்கருவியின் வரலாற்றை ஆசிரியர் அறிந்திருத்தல் வேண்டும்.

1936ஆம் ஆண்டில் பேர் லொரென்ட்ஸ் இயக்கிய 'தி பிளவ் தட் புரோக் தி பிளெயின்ஸ்' அமெரிக்க அரசின் பணத்தில் உருவானது. புல்வெளிகளைக் கோதுமைக்காக உழுது தீர்த்தமையால், வறட்சி வந்தபோது மண் புழுதிப்புயலாய் எழுந்தது என்பதே அதன் செய்தி. அச்செய்தி உண்மையானது. அதே வேளையில், அன்றைய அரசின் நிலச் சீர்திருத்தக் கொள்கைக்கு ஆதரவு திரட்டுவதும் அப்படத்தின் நோக்கமாக இருந்தது. ஒரே படம் சான்றாகவும் பரப்புரையாகவும் இருக்கக்கூடும் என்பதை இவ்வகைப் படங்களின் தொடக்கக் காலமே காட்டுகிறது.

1956இல் கூஸ்தோவும் லூயி மாலும் இயக்கிய 'மௌன உலகம்' கான் விழாவின் உயரிய பரிசைப் பெற்றது. ஆழ்கடலின் அழகை உலகிற்குக் காட்டிய அப்படத்திலேயே, மீன்களைக் கணக்கெடுப்பதற்காகப் பவளப்பாறையில் வெடி வைக்கிறார்கள். சுறாக்களை அடித்துக் கொல்கிறார்கள். பிற்காலத்தில் கடல் பாதுகாப்பின் முன்னணிக் குரலாக விளங்கியவர் கூஸ்தோ. மனிதரின் சூழலுணர்வு எவ்வளவு அண்மையில் முதிர்ந்தது என்பதை மாணவருக்கு உணர்த்த இக்காட்சிகளே போதும்.

1958இல் டிஸ்னி நிறுவனம் வெளியிட்ட 'ஒயிட் வைல்டர்னஸ்' வேறொரு பாடம். லெம்மிங் என்னும் சிறு விலங்குகள் கூட்டமாகப் பாய்ந்து மடிவதாக அதில் ஒரு காட்சி உண்டு. அவ்விலங்குகள் வேறிடத்திலிருந்து கொண்டுவரப்பட்டு, படப்பிடிப்புக்காகவே சரிவிலிருந்து தள்ளப்பட்டன. 1982இல் கனடியத் தொலைக்காட்சி இதை வெளிப்படுத்தியது. ஆஸ்கார் விருது பெற்ற அப்படம் பரப்பிய பொய்க்கதையோ இன்றும் பலர் நாவில் வாழ்கிறது.

இவ்வரலாற்றில் ஆசிரியருக்கு மிக நெருக்கமான நிகழ்வு 2007இல் நடந்தது. அல் கோர் தோன்றிய 'ஆன் இன்கன்வீனியன்ட் டுரூத்' (2006) படத்தை இங்கிலாந்து அரசு உயர்நிலைப் பள்ளிகளுக்கு அனுப்பிவைத்தது. கென்ட் வட்டாரப் பள்ளி நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவர் அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். ஒருதலை அரசியல் கருத்தைப் பள்ளியில் வளர்க்கக்கூடாது என்னும் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமே வழக்கிற்கு அடிப்படை. அக்டோபர் 10ஆம் நாள் நீதிபதி பர்ட்டன் தீர்ப்பளித்தார். படத்தின் மையக் கருத்து அறிவியலுக்கு ஏற்றது. ஆனால் ஒன்பது இடங்களில் அது அறிவியலாளரின் பொதுக்கருத்திலிருந்து விலகுகிறது என்றார். கடல்மட்டம் 20 அடி உயரக்கூடும் என்று படம் கூறியது; அவ்வளவு உயர்வு பல்லாயிரம் ஆண்டுகளில் நிகழக்கூடியது என்று தீர்ப்பு சுட்டியது. ஆசிரியருக்கான வழிகாட்டிக் குறிப்புகளோடு படத்தைக் காட்டலாம் என்றும் அனுமதித்தது. இரண்டே நாளில் கோருக்கும் பன்னாட்டுப் பருவநிலைக் குழுவுக்கும் அமைதிக்கான நோபெல் பரிசு அறிவிக்கப்பட்டது.

இத்தீர்ப்பை இரு தரப்பாரும் தம் வெற்றி என்றனர். நாம் அதில் காண்பது ஆசிரியரின் இன்றியமையாமையை. மிகைப்படுத்திய ஒரு வரியை மாணவர் பின்னாளில் தாமே கண்டுபிடித்தால், அதனோடு சேர்த்து உண்மையான நூறு வரிகளையும் ஐயுறுவார். இழப்பு அங்கேதான் நேர்கிறது. முன்கூட்டியே அவ்வரியைச் சுட்டிக்காட்டும் ஆசிரியர் உண்மையைக் காக்கிறார்.

சாட்சியின் வழிமுறையையே திரையில் விரித்துக் காட்டும் படங்களும் உண்டு. 'சேசிங் ஐஸ்' (2012) படத்தில் ஒளிப்படக் கலைஞர் ஜேம்ஸ் பேலாக், கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, அலாஸ்கா ஆகிய இடங்களில் பனியாறுகளை நோக்கிக் கேமராக்களை நிறுத்துகிறார். பல்லாண்டுகள் எடுத்த படங்கள் கோவையாகும்போது பனி பின்வாங்குவதைக் கண்ணால் காண்கிறோம். எங்கே, எப்போது, எவ்வாறு எடுக்கப்பட்டது என்பதும் நமக்குத் தெரிகிறது.

ஆகவே படம் முடிந்ததும் மூன்று வினாக்களை எழுப்புவோம். இதை எடுத்தவர் யார், எவர் பணத்தில்? இங்கே நாம் கண்டது எது, குரல் சொல்லக் கேட்டது எது? படம் வெளிவந்தபின் அறிவியல் கண்டறிந்தது என்ன? இரண்டாம் வினாவுக்கு எளிய பயிற்சி ஒன்றுண்டு: ஐந்து நிமிடக் காட்சியை ஒலியின்றி ஓடவிட்டு, அதற்கான வருணனையை மாணவர்களே தமிழில் எழுதட்டும். ஒரே காட்சிக்குப் பத்து மாணவர் பத்து விதமாக எழுதுவர். சொல் எவ்வாறு காட்சியை வளைக்கிறது என்பது அப்போது தெளிவாகும். மொழிப்பாடமும் சூழல்பாடமும் ஒன்றாகும்.

நம் மாணவருக்குப் புகைமூட்டம் புதிதன்று. 2015 செப்டம்பர் 25ஆம் நாள் அதன் பொருட்டுச் சிங்கப்பூரின் தொடக்கப்பள்ளிகளும் உயர்நிலைப் பள்ளிகளும் மூடப்பட்டன. அதைப்பற்றிய படமொன்றைக் காட்டும்போதும் இவ்வினாக்களையே கேட்போம். வினவிப் பெற்ற அறிவே மாணவரிடம் நிலைக்கும்.